அப்பர் எந்தக் கம்பெனி?

“மிஸ் நாளைக்கு லீவ் கொண்டு வரச் சொன்னாங்கம்மா.”

யு.கே.ஜி. படிக்கும் பிள்ளை சாயங்காலம் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு இப்படிச் சொன்னால் அம்மா என்ன செய்வார்? எங்கள் தெரு அம்மா ஒருவர், போன வாரம் காய்ச்சலுக்கு இரண்டு நாள் போகாததற்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, கோடு போட்ட தாளில் லீவ் லெட்டர் எழுதி, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிப் பையில் வைத்து அனுப்பிவிட்டார். மறுநாள் வகுப்பில் ஒருத்தி மாவிலையோடு வந்தாள், ஒருத்தன் வேப்பங்கொத்தோடு வந்தான், ஒருவன் முழு வாழை இலையையே சுருட்டிக்கொண்டு வந்தான். மிஸ் கேட்டது லீஃப். நம் பையன் பெருமையாக லெட்டரை நீட்டினான். அந்த மிஸ் நல்ல மனசுக்காரர். இலைகளோடு அதையும் சார்ட்டில் ஒட்டிவிட்டாராம். பச்சையாக இல்லாத ஒரே இலை அதுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் டிபன் பாக்ஸை மறந்து வருவார்கள், ரப்பரைத் தொலைத்து வருவார்கள். இப்படி ஒரு சேதியை மட்டும் தவறாமல் கொண்டு வந்துவிடுவார்கள். அது பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை வீட்டில் உள்ளவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி ஒன்பது மணிக்கு “லீஃபா, லீவா?” என்று விசாரிக்கும் அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சில நேரம் பிள்ளை சரியாகத்தான் சொல்லும், கேட்பவர் காதில்தான் மாறி விழும். குடியாத்தம் பக்கத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்த ஒரு ஆயா கதை அப்படி. அந்தப் பக்கமெல்லாம் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைய. பேரன் வந்து, “ஆயா, எங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் பி.டி. பீரியட்” என்றான். ஆயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னாடா சொல்ற? இத்தனை பீஸ் கட்டி அங்கேயும் பீடிதானா?” அதற்குத் தனி மாஸ்டர் வேறு இருக்கிறார் என்று கேட்டதும் ஆயா மருமகளைக் கூப்பிட்டுவிட்டார்.

பாகாயத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு கொஞ்சம் அதிகம். சி.எம்.சி.யின் மருத்துவக் கல்லூரி வளாகம் இங்கே இருப்பதால் ஒரே தெருவில் மலையாளமும் வங்காளமும் கேட்கும். ஏற்கெனவே இந்தப் பக்கத்துக்கு உரிய தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் இருக்கவே இருக்கின்றன. இந்த மருத்துவமனையை 1900-ல் தொடங்கியவர் ஐடா ஸ்கடர். டவுனில் மருத்துவமனை வாசலில் ஓடுகிற ரோட்டுக்கும் அவர் பெயர்தான். பள்ளியில் அவரைப் பற்றிக் கேட்டு வந்த ஒரு இரண்டாம் வகுப்புப் பையன், அப்பாவின் கார் அந்த ரோட்டில் திரும்பியதும் பதறிவிட்டான். “அப்பா, இது ஐடா ஸ்கூட்டர் ரோடு. காருல போகலாமா?” அந்த ரோட்டில் ஆட்டோக்கள் நிற்கிற நிற்பைப் பார்த்தவர்கள், பையன் சொல்வது போல ஒரு சட்டம் வந்தால்கூட நல்லதுதான் என்பார்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே உண்டு: மாண்டகிரீன். அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட் 1954-ல் ஒரு கட்டுரையில் வைத்த பெயர். சின்ன வயதில் அவருடைய அம்மா ஒரு பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டை வாசித்துக் காட்டுவார். கடைசியில் இறந்துபோன பிரபுவைப் புல்வெளியில் கிடத்தினார்கள் என்று வரும் இடம், குழந்தை காதில் பிரபுவோடு ‘லேடி மாண்டகிரீன்’ என்று ஒரு பெண்ணும் சேர்ந்து இறந்ததாக விழுந்தது. இல்லாத அந்தப் பெண்மணிக்காக ரைட் பல வருடம் இரக்கப்பட்டிருக்கிறார். வளர்ந்த பிறகு உண்மை தெரிந்தபோதும், நான் கேட்டதுதான் அசலைவிட நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். எனக்கும் அந்தக் கட்சிதான்.

ஆனால் குழந்தைகள் கண்டபடி உளறுவதாக நினைத்தால் அது தப்பு. புது வார்த்தை ஒன்று காதில் விழுந்ததும், தன்னிடம் ஏற்கெனவே உள்ள வார்த்தைகளில் எது இதற்குக் கிட்டே வருகிறது என்று குழந்தை தேடுகிறது. கிடைத்ததை மாட்டிப் பார்க்கிறது. 1978-ல் அமெரிக்காவில் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். இரண்டு தட்டுகள். ஒன்று குழந்தைக்குப் பெயர் தெரிந்த நிறம், இன்னொன்று ஆலிவ் பச்சை. பேச்சுவாக்கில் ஆசிரியர், “அந்தத் தட்டு இல்லை, குரோமியம் தட்டு, அதை எடுத்து வா” என்பார். குழந்தைகள் அதுவரை கேட்டே இராத வார்த்தை. ஆனாலும் சரியான தட்டை எடுத்து வந்தார்கள். ஓரிரு தடவை கேட்டதிலேயே, குரோமியம் என்பது ஏதோ ஒரு நிறத்தின் பெயர் என்று பலர் பிடித்துக்கொண்டார்கள்.

இதே சோதனையை ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ செய்திருந்தால் கதை வேறு. இங்கே குரோமியம் புது வார்த்தையா? தோலைப் பதப்படுத்தும் உப்பிலும் அதுதான், நிலத்தடித் தண்ணீர் கெட்டதைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் பேச்சிலும் அதுதான். குரோமியத்தில் ஊறி வெளியே வரும் தோல் இளநீல நிறத்தில் இருப்பதால் டேனரியில் அதற்கு ‘வெட் ப்ளூ’ என்றே பெயர். டேனரி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை ஆலிவ் பச்சைத் தட்டைத் தொடாமல் நீலத் தட்டைத் தேடியிருக்கும். ஆய்வாளர்கள் ‘தவறு’ என்று எழுதியிருப்பார்கள். பிள்ளையைக் கேட்டால் அதனிடம் சரியான காரணம் இருந்திருக்கும்.

மொழி மாறும்போதும் இதேதான். முதல் வகுப்பில் கூட்டல் சொல்லிக் கொடுக்க, “நாளைக்கு எல்லாரும் பத்துக் கல் எடுத்துட்டு வரணும்” என்று ஒரு டீச்சர் சொன்னார். வீட்டில் உருது பேசும் ஒரு குட்டிப் பெண் மட்டும் வெறுங்கையோடு வந்தாள். உருதுவில் ‘கல்’ என்றால் நேற்றும் அதுவே, நாளையும் அதுவே. பத்து நாளையை எங்கே போய்ப் பொறுக்குவது? இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். தெலுங்கு பேசும் வீட்டுப் பையன் ஒருவன், டீச்சர் ‘ஏடு’ என்று ஓலைச்சுவடிப் படத்தைக் காட்டினால் ஏழு விரலை நீட்டுவான். அவன் வீட்டில் ஏடு என்றால் ஏழு. இரண்டு பேருமே வகுப்பில் ‘கவனிக்காத பிள்ளைகள்’ என்று பெயர் வாங்கியவர்கள். கவனித்ததால் வந்த வினை அது என்று யாருக்குத் தோன்றும்?

இனி அப்பர் கதைக்கு வருகிறேன். இதை எனக்குச் சொன்னவர் பாகாயத்திலிருந்து தினமும் ஆம்பூர்ப் பக்கம் பஸ்ஸில் போய்வரும் ஒரு டீச்சர். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு அப்பர் கதை சொல்லியிருக்கிறார். திருநாவுக்கரசர் என்று பெயர், ஞானசம்பந்தர்தான் ‘அப்பரே’ என்று அழைத்தார், வயதான காலத்திலும் கையில் உழவாரப்படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கிச் சுத்தம் செய்தார் என்றெல்லாம் விளக்கமாக. கதை முடிந்ததும் ஒரு பெண் குழந்தை எழுந்தாள்.

“டீச்சர், அப்பர் எந்தக் கம்பெனி?”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் டீச்சருக்கு ஆச்சரியம். இன்னொரு பையன் கையைத் தூக்கி, “எங்கம்மாகூட அப்பர்தான் டீச்சர்” என்றான். பின்பெஞ்சிலிருந்து, “எங்க வீட்ல நேத்து முப்பது அப்பர்” என்று ஒரு குரல்.

நெல்லைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் உள்ளூர் டீச்சர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஷூவின் அடிப்பாகம் சோல். அதற்கு மேலே காலை மூடும் தோல் பாகம் அப்பர். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரிந்த வார்த்தை. ஷூ கம்பெனிகளில் வெட்டிய தோலை ஏஜென்ட் மூட்டையாகக் கட்டி வீடுகளுக்கு அனுப்புவார். பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கெட்டி நூலில் கையாலேயே தைத்துக் கொடுப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி. அந்த ஷூ ஐரோப்பாவில் எந்தக் கடை அலமாரியில் போய் உட்காரும், அங்கே என்ன விலை என்பதெல்லாம் தைத்த கைகளுக்குத் தெரியாது.

டீச்சர் சிரித்துவிட்டு அதோடு விட்டிருப்பார். ஆனால் அதே பெண், அப்பர் எந்தக் கம்பெனி என்று கேட்டவள், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று செய்தாள். வீட்டுப் பாட நோட்டைத் தொடர்ந்து நாலாவது நாளாகக் காட்டவில்லை.

“ஹோம் ஒர்க் ஏன் முடிக்கல?”

“அம்மா இன்னும் முடிக்கல டீச்சர்.”

“அம்மாவா உனக்கு ஹோம் ஒர்க் செஞ்சு தராங்க?”

“ஆமா டீச்சர். அம்மாவும் ஆயாவும். ராத்திரி எல்லாம் செய்வாங்க.”

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவும் பாட்டியும் ராத்திரி கண் விழித்து நோட்டு எழுதிக் கொடுக்கிறார்களா? நாளைக்கு அம்மாவைக் கூட்டி வா என்றார். “ஹோம் ஒர்க்கையும் எடுத்துட்டு வரச் சொல்லு.”

அம்மா வந்தார், தோளில் ஒரு பெரிய சாக்குப் பையோடு. டீச்சர் வரச் சொன்னதாகப் பிள்ளை சொன்னதும், கம்பெனியில் ஏதோ புகார் போல, பள்ளிக்கூடம் வழியாக விசாரிக்கிறார்கள் போல என்று ராத்திரி தூக்கமில்லாமல் இருந்திருக்கிறார். பையை அவிழ்த்து மேசை மேல் வைத்தார். தைத்து முடித்த அப்பர்கள் ஒரு பக்கம், பாதியில் நிற்பவை ஒரு பக்கம். “ரெண்டு நாளா கையில வெட்டு டீச்சர், அதான் லேட்டு” என்று விரலைக் காட்டினார்.

வீட்டுக்குக் கொடுத்து வாங்கும் அந்த வேலைக்கு அந்தக் குடும்பத்தில் பெயரே ஹோம் ஒர்க்தான். ஏஜென்ட் அப்படித்தான் சொல்வார். பள்ளியில் ‘ஹோம் ஒர்க் முடிச்சியா’ என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண் தன் வீட்டில் நடப்பதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, உள்ளபடி பதில் சொல்லி வந்திருக்கிறாள். நோட்டில் எழுதுவது அவளுக்கு ‘எழுத்து வேலை’. அது பள்ளிக்கூடத்தில் செய்வது.

“நீ ஏன் ஹோம் ஒர்க் செய்யலைன்னு கேட்டப்போ என்னம்மா நினைச்ச?” என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

“எனக்கு ஆசைதான் டீச்சர். அம்மா ஊசியைத் தொடவே விடமாட்டாங்க. நீ தொடக்கூடாது, நீ படிக்கணும்னு சொல்வாங்க.”

இதை என்னிடம் சொல்லும்போது டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாலு நாளா அந்தப் பிள்ளையை நிக்க வச்சிருக்கேன்” என்றார். அன்று முதல் அவர் வகுப்பில் அது ‘வீட்டுப் பாடம்’ ஆகிவிட்டது. இரண்டாம் வாய்ப்பாடு மட்டும் ஜோடிக் கணக்கில் நடந்தது: ஒரு ஜோடிக்கு இரண்டு அப்பர், ஐந்து ஜோடிக்கு எத்தனை? அந்தப் பெண்தான் முதலில் சொல்வாளாம்.

இந்தத் தோல் ஊர்களில் இப்படி இன்னும் உண்டு. வேலூர்ப் பிள்ளைகளுக்கு 1806 ஜூலை 10 சொந்த ஊர்ச் சரித்திரம். கோட்டையில் சிப்பாய்கள் கிளம்பிய நாள். பெரியவர்கள் சிலர் இன்னும் ‘வேலூர்க் கலகம்’ என்பார்கள். ல, ழ இரண்டும் ஒன்றாகவே வரும் நம் வாயில் அது கழகமாகிவிடும். “அந்தக் கட்சிக்குக் கொடி என்ன கலர் தாத்தா?” என்று ஒரு நாலாம் வகுப்புப் பேரன் கேட்டானாம். தேர்தல் நேரமாக இருந்தால் தாத்தா பாடு திண்டாட்டம். அவன் தங்கை இன்னும் ஒரு படி மேலே. அண்ணன் சத்தம் போட்டுப் படித்ததில் ‘சிப்பாய்கள் தோல்வி அடைந்தனர்’ என்று கேட்டுவிட்டு, “தோல்வின்னா எந்தத் தோலு, ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா?” என்றாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்போடு ஒரு திகைப்பும் வந்தது. சிப்பாய்களின் மனத்தாங்கல்களில் ஒன்று, புதிதாகக் கொடுத்த தலைப்பாகையில் வைத்திருந்த தோல் பட்டைதானே! எந்தத் தோல் என்பதுதான் அன்றைக்கு அவர்களும் கேட்ட கேள்வி.

சிரிக்கலாமா கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். வீட்டில் சிரிப்பு வர இதைவிட நல்ல வழி ஏது? எனக்குப் பிடிக்காதது அடுத்து நடப்பது. போனை எடுத்துக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லு கண்ணு” என்று பிள்ளையை நிறுத்திப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுகிறோம். வருகிற விருந்தாளி முன்னால் எல்லாம் சொல்லச் சொல்கிறோம். ஸ்கூட்டர் ரோட்டுப் பையனுக்கு இதுதான் நடந்தது. நாலாவது மாமா வந்தபோது, “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று உள்ளே போய்விட்டான். அப்புறம் பள்ளிக்கூடத்தில் நடந்தது எதையும் சொல்வதில்லை. சாயங்காலம் கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ ஒன்றுதான் பதில். ஒரு நாள் யாராவது அவனை அடித்தாலும் அந்த ‘ஒண்ணுமில்ல’தான் வரும் என்பதுதான் என் பயம்.

திருத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “அப்படின்னா என்னன்னு நினைச்ச?” பிள்ளை எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று கதை கதையாக வரும். பாதி நேரம் அது நம்மைப் பற்றிய கதையாகவே இருக்கும்.

இன்னொரு விஷயம், இது விளையாட்டில்லை. புது வார்த்தையை மாற்றிக் கேட்பது எல்லாப் பிள்ளையும் செய்வது. நன்றாகத் தெரிந்த வார்த்தையையே அடிக்கடி மாற்றிக் கேட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், ‘ஆங்?’ என்று ஓயாமல் கேட்டால், டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், காதைப் பார்க்க வேண்டும். சளி பிடித்த பிறகு சின்னப் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது சாதாரணம். வலி இருக்காது, அதனால் பிள்ளையும் சொல்லாது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். மூன்று மாதம் ஆகியும் கேட்பதில் மந்தம் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. அதற்குள் வகுப்பில் ‘மக்கு’ என்றோ ‘திமிர்’ என்றோ பெயர் விழுந்திருக்கும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வரும். பிள்ளைகளின் கண், காது, பல் எல்லாம் பார்ப்பார்கள். காசு கிடையாது. அந்த நாளில் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள்.

போன வருடம் அப்படி ஒரு குழு வரும் முந்தின நாள், ஒண்ணாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். “நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போமாட்டேன். டாக்டர் வந்து காது எடுக்கப் போறாங்களாம்.” காது டெஸ்ட் எடுப்பார்கள் என்று டீச்சர் சொன்னதில் நடுவிலிருந்த ஒரு வார்த்தை வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அம்மா ஒரு வழியாகச் சமாதானம் சொல்லி, அப்பாவையும் துணைக்குப் போட்டு அனுப்பி வைத்தார்.

சாயங்காலம் குதித்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா, ரெண்டும் இருக்கு! டாக்டரே பாத்து எழுதிக்கிட்டாங்க.”